கதைகள் நடந்த பாதை – 9: தவளைகள் கேட்ட ராஜா

சென்ற இதழில் ஃபீட்ரஸை ரோம் நகரத்தில் விட்டுவிட்டு வந்தோம். அடிமையாக இருந்து அகஸ்டஸ் பேரரசரால் விடுதலை செய்யப்பட்டவர் அவர். ஈசாப்பின் கதைகளை லத்தீன் செய்யுளில் பாடி, அதற்காகவே செஜானுஸ் என்ற அதிகாரியின் பகைக்கு ஆளானவர். அடிமை தன் மனத்தில் உள்ளதை நேராகச் சொல்ல முடியாது. அதனால் கதைக்குள் பொதித்துச் சொன்னான். நீதிக்கதை பிறந்த காரணமே அதுதான் என்று அவர் எழுதியதைப் பார்த்தோம்.

இந்த இதழில் ஒரே தாவலாக 1,400 ஆண்டுகளைக் கடக்கப் போகிறோம். சேரும் இடம் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டர். நாள் 1484 மார்ச் 26. வில்லியம் காக்ஸ்டன் என்பவரின் அச்சுக்கூடத்தில் அன்று ஈசாப் கதைகள் ஆங்கிலத்தில் அச்சாகி முடிந்தன. ஆங்கில மொழியில் அச்சேறிய முதல் ஈசாப் அது.

அந்த நூலில் நூற்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. எல்லாவற்றையும் பின்தொடர்ந்தால் பாதை தெரியாமல் போய்விடும். ஒரே ஒரு கதையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்போம். தவளைகள் ராஜா கேட்ட கதை.

கிரேக்கத்தில் கதை

தங்களுக்குத் தலைவன் இல்லையே என்று தவளைகள் வருந்தின. தூது அனுப்பி, ஒரு ராஜா வேண்டும் என்று ஜூஸ் கடவுளிடம் கேட்டன. அவற்றின் வெகுளித்தனத்தைக் கண்ட ஜூஸ், ஒரு மரக்கட்டையைக் குளத்தில் போட்டார். விழுந்த சத்தத்தில் பயந்து தவளைகள் ஆழத்துக்குள் ஒளிந்தன. கட்டை அசையவில்லை என்று தெரிந்ததும் மேலே வந்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. இப்படி ஒரு ராஜாவா என்று அவமானப்பட்டு மறுபடியும் போய் வேறு ராஜா கேட்டன. ஜூஸுக்குக் கோபம் வந்தது. ஒரு தண்ணீர்ப் பாம்பை அனுப்பினார். அது தவளைகளைப் பிடித்துத் தின்றது.

கிரேக்கத் தொகுப்புகளில் இந்தக் கதைக்கு முடிவாக வரும் நீதி சுருக்கமானது. துன்புறுத்தும் கெட்டவனைவிட, மந்தமானாலும் தீங்கு செய்யாதவன் ஆள்வது நல்லது.

ஃபீட்ரஸ் இதற்கு ஒரு களம் அமைத்தார். ஏதென்ஸ் நகரத்தில் பிசிஸ்டிராடஸ் கோட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாட்சி நடத்திய கி.மு. 6ஆம் நூற்றாண்டு அது. அவன் கொடியவன் அல்லன். ஆனால் பழகாத சுமை என்பதால் மக்கள் முணுமுணுத்தார்கள். அவர்களிடம் ஈசாப் இந்தக் கதையைச் சொன்னார் என்பது ஃபீட்ரஸின் அமைப்பு. கதை முடிந்ததும், இப்போதுள்ள துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இதைவிடப் பெரியது வந்து சேரும் என்று ஈசாப் அறிவுரை சொல்கிறார். அடிமையாக இருந்தவரின் அனுபவம் அதில் பேசுகிறது. எஜமான் மாறினால் நிலைமை மாறிவிடும் என்று நம்பி ஏமாந்தவர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்!

‘பொறுத்துக்கொள்’ என்பதுதான் ரோமில் இந்தக் கதையின் பொருள். வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்து சேரும்போது அது என்னவாகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

காக்ஸ்டனுக்கு முன் இங்கிலாந்தில்

காக்ஸ்டன் காலத்துக்கு முன்பே ஈசாப் இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். 11ஆம் நூற்றாண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற வரலாற்றைத் துணியில் தைத்த பாயோ தொங்குதுணியின் நீளம் ஏறக்குறைய 70 மீட்டர். நடுவில் போரும் குதிரையும் கப்பலும். மேலும் கீழும் ஓடும் கரைப்பகுதியில் நரியும் காகமும், ஓநாயும் ஆட்டுக்குட்டியும், ஓநாயின் தொண்டையில் அலகை விடும் கொக்கும். எழுத்தறியாதவர்களுக்கும் இந்தக் கதைகள் தெரிந்திருந்தன என்பதற்கு நூலால் எழுதிய சாட்சி அது.

அடுத்த நூற்றாண்டில் மரி தெ ஃபிரான்ஸ் என்ற பெண் கவிஞர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு பிரெஞ்சுச் செய்யுளில் நூற்றுக்கு மேற்பட்ட நீதிக்கதைகளைப் பாடினார். ஆல்ஃபிரட் மன்னர் ஆங்கிலத்தில் எழுதிய நூலிலிருந்து தாம் பெயர்த்ததாக அவர் குறிப்பிடுகிறார். அப்படி ஓர் ஆங்கில நூலின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. நார்மானியர் ஆட்சியில் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. கோயிலும் கல்வியும் லத்தீன் பேசின. ஆங்கிலம் வயலிலும் சந்தையிலும் சமையலறையிலும் இருந்தது. ஏடெடுத்து எழுதிவைக்க ஆள் குறைந்தால் ஒரு மொழியின் கதை எப்படிக் காணாமல் போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

15ஆம் நூற்றாண்டில் நிலைமை திரும்பியது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவி ஜான் லிட்கேட் ஏழு ஈசாப் கதைகளை ஆங்கிலச் செய்யுளில் தந்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் வடக்கே டன்ஃபர்ம்லினில் ராபர்ட் ஹென்ரிசன் ஸ்காட்லாந்து மொழியில் பதின்மூன்று கதைகளைப் பாடினார். கவிதை என்ற அளவில் ஹென்ரிசனுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் இவை கையெழுத்துப் படிகளாகச் சிலரிடம் மட்டுமே உலவின. பெரிய தொகுதியாக, எளிய உரைநடையில், கடையில் வாங்கும் நூலாக ஈசாப்பைக் கொண்டுவந்தவர் ஒரு துணி வணிகர்.

துணி வணிகர் கையில் அச்செழுத்து

காக்ஸ்டன் கென்ட் மாவட்டத்துக் காட்டுப்பகுதிக்காரர். தம் ஊர் ஆங்கிலம் கரடுமுரடானது என்று அவரே எழுதியிருக்கிறார். 1438இல் லண்டனில் ராபர்ட் லார்ஜ் என்ற பெரிய துணி வணிகரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு கடல் கடந்து புரூஜ் நகரத்துக்குப் போய், அங்கிருந்த ஆங்கில வணிகர் சங்கத்துக்கே தலைவராக உயர்ந்தார்.

அந்த நகரத்தில் பர்கண்டி அரசவையின் பிரெஞ்சு நூல்கள் அவர் கண்ணில் பட்டன. 1469இல் டிராய் நகர வரலாற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். சில பக்கங்களோடு கைவிட்டதை, இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் தங்கையும் பர்கண்டிக் கோமாட்டியுமான மார்கரெட் ஊக்கப்படுத்தி முடிக்கச் செய்தார். 1471 செப்டம்பரில் கொலோன் நகரத்தில் அந்தப் பெயர்ப்பு முடிந்தது. பிரதி கேட்டவர்கள் பலர். எழுதி எழுதிக் கை சோர்ந்தது, கண் மங்கியது என்று அவர் சொல்கிறார். அதனால்தான் அச்சுத் தொழிலைக் கற்றேன் என்றும் சொல்கிறார். அவர் புரூஜில் அச்சிட்ட அந்த நூல்தான் ஆங்கில மொழியின் முதல் அச்சுநூல்.

1476இல் தாய்நாடு திரும்பினார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் எல்லைக்குள் இடம் வாடகைக்கு எடுத்து இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். வாழ்நாளில் ஏறக்குறைய நூறு நூல்களை அச்சிட்டார்; அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை அவரே பெயர்த்தவை. பகலில் அச்சுக்கூடத்தை நடத்திக்கொண்டு இத்தனையையும் பெயர்த்த மனிதரின் உழைப்பை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

அவர் பட்ட இன்னொரு பாட்டையும் சொல்ல வேண்டும். எந்த ஆங்கிலத்தில் எழுதுவது? 1490இல் வெளியிட்ட ஒரு நூலின் முன்னுரையில் அவர் ஒரு சம்பவம் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் காற்றுக்காகக் காத்திருந்த வணிகர் சிலர் கரையிறங்கினார்கள். ஒருவர் ஒரு வீட்டில் முட்டை கேட்டார். அவர் சொன்ன சொல் ‘எக்ஸ்’. வீட்டுக்கார அம்மாள், எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார். கேட்டவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. உடன் வந்த இன்னொருவர் ‘ஐரென்’ என்று கேட்டதும் அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டுமே ஆங்கிலம், இரண்டுக்கும் பொருள் முட்டைதான். எந்தச் சொல்லை எழுதுவது, எல்லோருக்கும் எப்படிப் புரியவைப்பது என்று காக்ஸ்டன் கவலைப்படுகிறார். மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் பேச்சிலிருந்து பொது எழுத்துமொழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, வேறு யாரும் எடுக்காததால், அச்சுக்கூடக்காரர் தலையில் விழுந்திருந்தது.

நான்கு மொழிகள் தாண்டி

காக்ஸ்டனுக்குக் கிரேக்கம் தெரியாது. அவர் கைக்கு வந்தது ஒரு பிரெஞ்சு நூல். லியோன் நகரத்து அகஸ்டின் சபைத் துறவி ஜூலியான் மாஷோ பெயர்த்து, 1480இல் அச்சானது. மாஷோவின் மூலம் ஜெர்மனியில் இருந்தது. உல்ம் நகரத்து மருத்துவர் ஹைன்ரிஹ் ஸ்டைன்ஹோவல் கிடைத்த கதைகளையெல்லாம் திரட்டி, லத்தீனையும் ஜெர்மனையும் சேர்த்துத் தந்த பெரும் தொகுதி அது. யோஹன் ஸைனர் 1476–77 அளவில் அதை அச்சிட்டார்.

ஸ்டைன்ஹோவல் சேர்த்தவை ஒரே ஊற்றிலிருந்து வந்தவை அல்ல. முதலில் ஈசாப்பின் வாழ்க்கைக் கதை. அது இத்தாலிய அறிஞர் ரினூச்சோ கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தது. அடுத்து ‘ரோமுலஸ்’ என்ற பெயரில் உலவிய லத்தீன் உரைநடைக் கதைகள், நான்கு பகுதிகளாக, பகுதிக்கு 20 வீதம். நாம் சென்ற இதழில் பார்த்த ஃபீட்ரஸின் செய்யுள்தான் சீர் உடைந்து உரைநடையாகி இந்த ரோமுலஸ் ஆனது. ஃபீட்ரஸின் பெயரே மறந்துபோன நூற்றாண்டுகளில் அவர் சொன்ன கதைகள் இன்னொரு பெயரில் உயிரோடு இருந்தன. அவற்றுக்குப் பின் அவியானஸின் கதைகள், ரினூச்சோ புதிதாகப் பெயர்த்தவை, பேத்ரஸ் அல்ஃபோன்சி, போஜோ ஆகியோரின் கதைகள் என்று தொகுதி நீள்கிறது.

ஆக, தவளைக் கதை கிரேக்கத்திலிருந்து லத்தீன் செய்யுளுக்கும், அங்கிருந்து லத்தீன் உரைநடைக்கும், பிறகு ஜெர்மன் தொகுதி வழியாகப் பிரெஞ்சுக்கும், கடைசியில் ஆங்கிலத்துக்கும் வந்தது. மூலத்தைத் தொடாமல் பெயர்ப்பிலிருந்து பெயர்ப்புச் செய்தவர் என்று காக்ஸ்டனைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அவர்களுக்கு நம் இலக்கணமே பதில் சொல்லும். தொல்காப்பியத்தின் மரபியல் முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலை நான்கு வகையாக்குகிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். நான்கும் வழிநூலே, நான்குக்கும் மதிப்பு உண்டு. ஈசாப்பின் பாதையில் இந்த நான்கு வேலையும் நடந்திருக்கிறது. கி.மு. 300ஐ ஒட்டி ஃபலேரத்து டிமெட்ரியஸ் தொகுத்தார், ஃபீட்ரஸ் விரித்தார், ஸ்டைன்ஹோவல் தொகுத்தும் விரித்தும் தந்தார், காக்ஸ்டன் மொழிபெயர்த்தார். முதல்நூல் என்று கையில் எடுத்துக் காட்ட ஈசாப் எதையும் எழுதி வைக்கவே இல்லை.

நூல் உருவான மாதங்கள்

காக்ஸ்டன் இந்த நூலைப் பெயர்த்தது 1483இல். அந்த ஆண்டு இங்கிலாந்தில் என்ன நடந்தது?

ஏப்ரல் 9 அன்று நான்காம் எட்வர்டு இறந்தார். பட்டத்துக்கு வர வேண்டிய மகனுக்கு வயது 12. சிறுவனின் சித்தப்பா ரிச்சர்டு அவனையும் அவன் தம்பியையும் லண்டன் கோட்டையில் வைத்தார். சிறுவனின் தாய்மாமன் ரிவர்ஸ் பிரபு ஜூன் 25 அன்று பான்டிஃப்ராக்டில் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஜூலை 6 அன்று ரிச்சர்டு வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடிக்கொண்டார். அண்ணன் மகன்கள் இருவரையும் அதன்பின் யாரும் வெளியே பார்க்கவில்லை.

இவற்றை யாரோ எவரோ பற்றிய செய்தியாகக் காக்ஸ்டன் கேட்டிருக்க முடியாது. ரிவர்ஸ் பிரபு அவருடைய புரவலர். பிரபு பெயர்த்த ஞானியர் மொழிகளைத்தான் காக்ஸ்டன் 1477 நவம்பர் 18 என்று நாள் குறித்து வெளியிட்டார். நாள் குறிப்போடு இங்கிலாந்தில் அச்சான முதல் ஆங்கில நூல் அது. விதவையான அரசி எலிசபெத் தம் பெண்களோடு அடைக்கலம் புகுந்த இடம் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயம். காக்ஸ்டனின் அச்சுக்கூடமும் அதே வளாகத்தில். ஏறக்குறைய பத்து மாதம் அரசி அங்கேயே இருந்தார். 1484 மார்ச் 1 அன்றுதான் வெளியே வந்தார். இருபத்தைந்து நாள் கழித்து ஈசாப் அச்சாகி முடிந்தது.

மரக்கட்டை ராஜாவையும், குடிமக்களைத் தின்னும் ராஜாவையும் பற்றிய கதை இந்த மாதங்களில்தான் ஆங்கிலத்தில் கோக்கப்பட்டது. காக்ஸ்டன் இதை ரிச்சர்டை நினைத்து எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். கதை அவருடைய பிரெஞ்சு மூலத்திலேயே இருந்தது. அவர் மூலத்தை நெருங்கிப் பின்தொடர்பவர். அதே ரிச்சர்டுக்கு அவர் வீரமரபு பற்றிய ஒரு நூலைப் படைத்ததும் உண்டு. அந்த மன்னரின் 1484 நாடாளுமன்றம் வெளிநாட்டு வணிகர்களைக் கட்டுப்படுத்திச் சட்டம் செய்தபோது, நூல்களுக்கும் அச்சிடுவோருக்கும் அதிலிருந்து விலக்கு அளித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வாங்கிப் படித்தவர்கள் அந்த ஆண்டின் மனிதர்கள். நீதிக்கதையின் பலமே அங்குதான் இருக்கிறது. சொல்பவர் யாரையும் குறிப்பிடத் தேவையில்லை. கேட்பவர் தமக்குத் தெரிந்த முகத்தை அதில் வைத்துக்கொள்வார்.

காக்ஸ்டன் சொன்ன விதம்

இப்போது கதைக்கு வருவோம். காக்ஸ்டனின் நூலில் இது இரண்டாம் பகுதியின் முதல் கதை. கதை தொடங்கும் முன்பே நீதி வந்துவிடுகிறது. நியாயமாகவும் விடுதலையாகவும் வாழ்வதைவிட நல்லது எதுவும் இல்லை. பொன்னையும் வெள்ளியையும்விட அது மேலானது என்று முன்வைத்துவிட்டே கதைக்குள் நுழைகிறார்.

பள்ளங்களிலும் குட்டைகளிலும் தவளைகள் தம் விருப்பம்போல் வாழ்கின்றன. எல்லாம் ஏகமனதாகச் சேர்ந்து ஜூபிடரிடம் (ஜூஸின் ரோமானியப் பெயர்) ராஜா கேட்கின்றன. ஜூபிடருக்கு வியப்பு. பெரிய கட்டையைப் போடுகிறார். சத்தத்தில் தவளைகள் நடுங்குகின்றன. பயம் தெளிந்த பிறகு அவை என்ன செய்கின்றன என்பதில்தான் காலம் மாறியது தெரிகிறது. ஃபீட்ரஸின் தவளைகள் கட்டையின்மேல் தாவி ஏறி அதை இழிவு செய்கின்றன. காக்ஸ்டனின் தவளைகள் ராஜாவுக்கு வணக்கம் செலுத்துவதற்காக மரியாதையோடு கிட்டே போகின்றன. போன பிறகுதான் அது வெறும் மரம் என்று தெரிகிறது. ரோமில் கூச்சலிடும் கூட்டமாக இருந்த தவளைகள், இடைக்கால ஐரோப்பாவில் மன்னன் முன் மண்டியிடப் பழகிய குடிகளாகிவிட்டன.

மறுபடியும் பணிவாக வேண்டுகின்றன. இம்முறை வருவது கொக்கு. அது தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாக விழுங்குகிறது. தவளைகள் அழுது ஜூபிடரிடம் முறையிடுகின்றன. நீங்கள் கேட்ட ராஜா இனி உங்களுக்கு எஜமான் என்று பதில் வருகிறது. முடிவில் மீண்டும் விடுதலையின் புகழ். உலகத்துப் பொன்னும் வெள்ளியும் முழுவதும் கொடுத்தாலும் அதை விற்கக் கூடாது என்று முடிகிறது.

இங்கே இரண்டு மாற்றங்களைக் கவனியுங்கள். ஒன்று, கிரேக்கத்தின் தண்ணீர்ப் பாம்பு இங்கே கொக்காகிவிட்டது. உல்ம் பதிப்பின் மரச்செதுக்குப் படத்திலேயே நீண்ட காலும் நீண்ட அலகும் உடைய பறவைதான் தவளையைக் கவ்வுகிறது. அந்தப் படத்தைப் பார்த்து லியோனில் செதுக்கினார்கள். அதைப் பார்த்து வெஸ்ட்மின்ஸ்டரில் செதுக்கினார்கள். இப்படிக் காக்ஸ்டனின் நூலில் 180க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. ஆனால் ஒரு சிறு இடத்தில் பழைய உருவம் எட்டிப் பார்க்கிறது. அழும் தவளைகள் கொக்கைக் கொக்கு என்று சொல்லவில்லை. இந்த டிராகனின் தொண்டையிலிருந்து எங்களைக் காப்பாற்றும் என்று கெஞ்சுகின்றன. டிராகன் என்றால் பறக்கும் பெரும்பாம்பு. கொக்கை ஏன் பாம்பு என்று சொல்ல வேண்டும்? கிரேக்கக் குளத்துப் பாம்பு இந்த ஒரு சொல்லில் தன் தடத்தை விட்டுப் போயிருக்கிறது என்பது என் கணிப்பு. பெயர்த்தவர்கள் அறியாமலே கதை தன் பிறப்பை நினைவு வைத்திருக்கிறது.

இரண்டாவது மாற்றம் பெரியது. ‘பொறுத்துக்கொள்’ என்பது போய், ‘விடுதலையைக் காத்துக்கொள்’ என்பது வந்துவிட்டது. பொன்னுக்கு விடுதலையை விற்கக் கூடாது என்ற இந்தப் பொன்மொழி 12ஆம் நூற்றாண்டு லத்தீன் செய்யுளில், நாயும் ஓநாயும் கதையின் முடிவில் இருந்தது. சங்கிலியோடு வயிறு நிறைந்த நாயைப் பார்த்துவிட்டுப் பசியோடு காட்டுக்குத் திரும்பும் ஓநாயின் கதை அது. அங்கிருந்த அறம், கை மாறிக் கை மாறித் தவளைகளின் கதையிலும் குடியேறியது. அதே லத்தீன் வாசகம், குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரத்து லோவ்ரியனாக் கோட்டை வாயிலில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சிறு குடியரசு தன் கோட்டை வாசலில் எழுதிவைக்கத் தேர்ந்தெடுத்தது ஒரு நீதிக்கதையின் வரி.

காக்ஸ்டனின் மொழியையும் இங்கே பாருங்கள். விடுதலை என்பதற்கு அவர் ‘ஃப்ரீடம்’, ‘லிபர்ட்டி’ என்று இரண்டு சொற்களையும் சேர்த்தே எழுதுகிறார். முதலாவது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இரண்டாவது பிரெஞ்சு வழி வந்தது. நாம் விடுதலை, சுதந்திரம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது போலத்தான். அச்சத்துக்கும் இப்படியே இரட்டைச் சொல். மூலத்திலிருந்து வந்த சொல் புரியாதவருக்குப் பக்கத்துச் சொல் கைகொடுக்கும். முட்டை கேட்ட வணிகரின் கதையைச் சொன்னவர் இப்படி எழுதாமல் வேறு எப்படி எழுதுவார்? வாக்கியம் நீளும் இடங்களில் சாய்கோடு ஒன்றைப் போட்டு மூச்சுவிட இடம் தருகிறார். உரக்கப் படிப்பவரை நினைத்துச் செய்த ஏற்பாடு போலிருக்கிறது.

காக்ஸ்டன் சேர்த்த கதை

நூலை முடிக்கும்போது காக்ஸ்டன் மூலத்தில் இல்லாத ஒரு கதையைத் தாமே சேர்க்கிறார். மரியாதைக்குரிய ஒரு பாதிரியார் அண்மையில் தமக்குச் சொன்னது என்கிறார்.

ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு குருமார் ஒன்றாகப் படித்தார்கள். ஒருவர் சாமர்த்தியசாலி, பதவிமேல் பதவி பெற்றுப் பெரிய இடத்துத் தலைமைக் குருவானார். மற்றவர் எளியவர். இவன் எங்கே முன்னுக்கு வரப் போகிறான் என்று முதலாமவர் நினைத்திருந்தார். ஒருநாள் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் புடைசூழ அவர் ஓர் ஊருக்கு வந்தபோது, அந்த ஊர்க் கோயிலின் பங்குக்குருவாகத் தம் பழைய தோழரைக் கண்டார். இந்தப் பங்கில் ஆண்டுக்கு என்ன வருமானம் என்று கேட்டார். கணக்குப் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு இதன் மதிப்பு என்ன என்று தெரியும் என்றார் எளியவர். என்ன அது? என் மக்களுக்குச் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தால் எனக்கு மோட்சம் கிடைக்கும். என் தவறால் அவர்களில் ஒருவர் ஆன்மா கெட்டாலும் எனக்குத் தண்டனை கிடைக்கும். இது எனக்கு உறுதியாகத் தெரியும். பெரிய குரு வெட்கித் தலைகுனிந்தார்.

இந்தக் கதையில் மிருகம் இல்லை, பறவை இல்லை. ஆனாலும் ஈசாப்பின் வரிசையில் வைக்கத் தகுந்தது என்று காக்ஸ்டன் முடிவு செய்தார். சரியான முடிவு. வாழ்நாளெல்லாம் விலைப்பட்டியலும் வரவுசெலவும் பார்த்த வணிகர், ஒரு வேலையின் மதிப்பு அதன் வருமானத்தில் இல்லை என்ற கதையைத் தேர்ந்தெடுத்துத் தம் நூலின் கடைசியில் வைத்தார் என்பதை நான் மறக்க மாட்டேன். அதற்கு அடுத்ததாக வருவது நூல் முடிந்த நாளும் மன்னரின் ஆட்சியாண்டும் மட்டுமே.

அதன் பிறகு

காக்ஸ்டனுக்குப் பிறகு ரிச்சர்டு பின்சன் இந்த நூலை மீண்டும் அச்சிட்டார். பின்னாளில் கிரேக்க, லத்தீன் மூலங்களைக் கற்றறிந்தவர்கள் புதுப்புது ஈசாப்களைத் தந்தார்கள். காக்ஸ்டனின் பதிப்பு பழம்பொருளாகிப் போனது. 1889இல் ஜோசப் ஜேக்கப்ஸ் விரிவான ஆராய்ச்சியோடு அதை மறுபதிப்புச் செய்து புதிய வாசகர்களிடம் சேர்த்தார். இந்தியக் கதைகளுக்கும் ஈசாப்புக்கும் உள்ள உறவை அந்த ஆராய்ச்சியில் அவர் நெடுக ஆராய்ந்தார்.

கிரேக்கம் அறியாதவர், பல்கலைக்கழகம் காணாதவர், பெயர்ப்பிலிருந்து பெயர்த்தவர் என்று காக்ஸ்டனைப் பற்றிச் சொல்லும் குறைகள் அத்தனையும் உண்மை. ஆயினும் தம் மக்களின் பேச்சுமொழி இந்தக் கதைகளைத் தாங்கும் என்று நம்பி, அவர்கள் வாங்கும்படியாக அச்சிட்டுக் கொடுத்தவர் அவர்தான். மூலத்தை அறிந்தவர் வரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறை இந்தக் கதைகளை அச்சில் படிக்காமலே போயிருக்கும். ஒரு மொழிக்கு வளம் சேர்ப்பவர்களில் இப்படிப்பட்ட உழைப்பாளிகளுக்கு முன்வரிசையில் இடம் தர வேண்டும் என்பதே என் தீர்ப்பு.

உல்ம் நகரத்தின் அச்சுக்கூடங்கள் ஈசாப்போடு நிற்கவில்லை. நம் பஞ்சதந்திரமும் அரபு, ஹீப்ரு, லத்தீன் தாண்டி ஜெர்மன் மொழியில் 1480களில் அதே நகரத்தில் அச்சானது. வேறு வழியாக நடந்து, 1570இல் தாமஸ் நார்த்தின் கையால் ஆங்கிலத்தை அடைந்த அந்தக் கதையை அடுத்த இதழில் தொடர்வோம்.

காக்ஸ்டனின் 1484ஆம் ஆண்டு ஈசாப்பில் முழுமையாக எஞ்சிய ஒரே பிரதி இன்று விண்ட்சர் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது.